குளம் நிறைந்திருந்தது, ஆனால்…

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த ஆகஸ்ட் விடுமுறையில் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு மின்னேரியா சரணாலயத்துக்கு யானை பார்க்கப் போக எண்ணியிருக்கிறோம். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பும் ஆகஸ்டில்தான் போனோம். குளம் நிறைந்து கடல்போல அழகாக இருந்தது, ஆனால் யானைதான் இல்லை. மூன்று மணித்தியாலம் ஜீப்பில் அலைந்து பதினொன்றை எண்ணினோம். கொம்பன் ஒன்றுகூட இல்லை என்று மகன் அழுதுவிட்டான். இம்முறை ஏமாறக் கூடாது. நூறு யானையாவது நிச்சயமாகப் பார்க்க எந்த வாரம் போக வேண்டும்? காலையா, மாலையா? மின்னேரியாவா, பக்கத்துக் கவுடுல்லவா? என்ன நிறத்தில் உடுத்த வேண்டும்? அதே வாரத்தில் திமிங்கிலமும் பார்த்துவிட முடியுமா?

சி., உவர்மலை

அன்புள்ள தம்பி,

உடையின் நிறத்தைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள். யானை உங்களை மூக்கால்தான் அறியும்.

திமிங்கிலத்துக்கு மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை. எங்கள் திருகோணமலைத் துறைமுக வாசலிலேயே கடலடியில் பெரும் பள்ளத்தாக்கு இருப்பதால் அவை கரைக்குக் கிட்ட வருகின்றன. விடியற்காலையில், காற்று எழும்ப முன்னர் போங்கள். காசு செலவழிக்க விருப்பமில்லை என்றால் கோணேசர் கோயிலடியில் மலை விளிம்பில் பொறுமையாக இருந்தாலே சில நாட்களில் நீர்த்தாரை தெரியும். உவர்மலையில் இருப்பவருக்கு இதை நான் எழுத வேண்டியிருக்கிறதே!

இனி யானை. உங்கள் கடிதத்துக்கு உட்கார்ந்து பதில் எழுதக் காரணம் அதிலுள்ள ஒரு சொல். “குளம் நிறைந்து கடல்போல அழகாக இருந்தது, ஆனால் யானைதான் இல்லை” என்கிறீர்கள். அந்த ‘ஆனால்’ என்பதை அடித்துவிட்டு ‘அதனால்’ என்று எழுதுங்கள். குளம் நிறைந்திருந்தது, அதனால் யானை இல்லை. நீங்கள் என்னிடம் கேட்கும் கேள்விக்கான விடையை இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே கண்ணால் பார்த்துவிட்டு, படமும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள்.

யானைகள் மின்னேரியாவில் கூடுவது நாட்காட்டியைப் பார்த்தல்ல, தண்ணீர் குடிக்க மட்டுமும் அல்ல. குளம் வற்றும்போது கரையோரம் வெளிப்படும் ஈரத் தரையில் இளம்புல் முளைக்கிறது. சுற்றுக்காடெல்லாம் கச்சான் காற்றில் காய்ந்து கிடக்கும் மாதங்களில் பச்சை இருக்கும் இடம் அது ஒன்றுதான். அந்தப் புல்லுக்குத்தான் இருநூறு, முந்நூறு என்று வருகின்றன. குளம் ஏன் வற்றுகிறது? வெயில் பாதிக் காரணம்கூட இல்லை. துருசு என்னும் மதகைத் திறந்து, சிறுபோகம் என்னும் கோடை நெல்லுக்குத் தண்ணீர் விடுகிறார்கள். சித்திரை, வைகாசியில் விதைத்த வேளாண்மை கதிராகி முற்றும்வரை தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும். ஆடி, ஆவணியில் குளத்தின் அடி தெரியும். வெளிநாட்டிலிருந்து ஆட்கள் விமானம் ஏறி வந்து பார்க்கும் காட்டுக் காட்சிக்கு நாள் குறிப்பது சிறுபோக ஆரம்பக் கூட்டத்தில் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து சண்டை பிடிக்கும் விவசாயிகள்தாம். குளமே மூன்றாம் நூற்றாண்டில் மகாசேனன் கட்டியது. அதில் ‘தூய இயற்கை’ எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்.

இதில் எனக்குச் சொந்தக் கணக்கும் உண்டு. எலஹெரவிலிருந்து வரும் அந்தப் பழைய கால்வாய்த் தொடர் மின்னேரியாவோடு நிற்பதில்லை. கவுடுல்ல, கந்தளாய் என்று வருகிறது. கந்தளாய்க் குளத்தைக் குளக்கோட்டன் கோணேசருக்காகக் கட்டினான் என்று நாங்கள் சொல்வோம், அக்கபோ மன்னன் கட்டினான் என்று சிங்களவர்கள் சொல்வார்கள். யார் கட்டினாலும் அதன் தண்ணீர் தம்பலகாமத்து வயல்களுக்குத்தான் பாய்கிறது. அங்கே என் பெரியப்பாவுக்கு வயல் இருந்தது. மின்னேரியாவில் யானை தின்ற புல்லும் எங்கள் வீட்டுச் சோறும் ஒரே கால்வாய்த் தொடரில் விளைந்தவை என்பது எனக்கு ஐம்பது வயதுக்குப் பிறகுதான் உறைத்தது. இத்தனை காலம் எனக்கும் அது ‘ஆனால்’தான். அதனால்தான் உங்கள் மேல் இவ்வளவு கோபம்.

இப்போது மொறகஹகந்தவுக்கு வருவோம். அம்பன் கங்கையை மறித்துக் கட்டிய அந்த நீர்த்தேக்கம் நிரம்பத் தொடங்கியது 2017இல். அதன் பிறகு கோடையிலும் கீழ்க் குளங்களுக்குத் தண்ணீர் அனுப்ப முடிகிறது. சில ஆண்டுகளில் மின்னேரியாக் குளம் ஆவணியிலும் நிறைந்தே நின்றது. புல் வெளிப்படவில்லை, முளைத்ததும் மூழ்கியது. கூட்டம் சேரவில்லை. நீங்கள் போனது அப்படியொரு ஆண்டில்தான் இருக்க வேண்டும். தண்ணீர் மரங்களின் அடியைத் தொட்டுக்கொண்டு நின்றதா? உங்கள் படங்களை எடுத்துப் பாருங்கள்.

அணையைத் திட்டுவது சுலபம். திட்டுகிற பலர் வயலில் கால் வைத்ததில்லை. கோடையில் தண்ணீர் வருமா, வராதா என்று என் மச்சான் எத்தனை வருடம் வானத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார் என்று எனக்குத் தெரியும். ஆனால் புல் மூழ்கினால் யானை கை கட்டிப் பட்டினி கிடக்காது. பக்கத்து வயலுக்கு வரும். மின்வேலி, யானைவெடி, துவக்கு என்று அது போய் முடியும். 2019இல் மட்டும் இந்நாட்டில் நானூறு யானைகளுக்கு மேல் செத்தன, நூறு மனிதருக்கு மேல் செத்தார்கள். தண்ணீர் விடுகிற நாட்களைக் கொஞ்சம் முன்பின்னாக மாற்றி, ஆவணியில் ஒரு மாதமாவது புல்லை வெளியே விட்டால் வயலுக்கும் கேடில்லை என்பது என் கட்சி. என் மச்சானிடம் இதைச் சொன்னேன். “நீ வந்து வேளாண்மை செய்து பார்” என்றார்.

ஆகவே எந்த வாரம் என்று என்னிடம் கேட்காதீர்கள். மின்னேரியாவுக்குப் பக்கத்து ஊரான ஹபரணையில் ஜீப் வைத்திருக்கும் யாருக்காவது போகிற நாளுக்கு இரண்டு நாள் முன்னர் தொலைபேசியில் பேசி, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: குளத்தில் புல் வெளியே கிடக்கிறதா? கிடந்தால் மின்னேரியா. பொதுவாக ஆவணி, புரட்டாசி அதற்கு நல்ல காலம். புரட்டாசி கடந்தால் யானைகள் கவுடுல்லப் பக்கம் சாயும். மாரி பிடித்தால் ஹுருலு காட்டில் தேடுவார்கள். ஓட்டுநர்கள் அன்றைய நிலையைப் பார்த்துத்தான் இடத்தைத் தீர்மானிக்கிறார்கள், அவர்களை மின்னேரியாவுக்கே போகச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். நேரம் பிற்பகல் மூன்று மணிக்குப் பிறகு. வெயில் தாழ்ந்தால்தான் அவை காட்டிலிருந்து வெளியே வரும்.

நூறு யானை! தம்பி, நூறு என்பது கல்யாண வீட்டுச் சாப்பாட்டுக் கணக்கு. சென்ற முறை நான் போனபோது ஒரு தாயையும் குட்டியையும் இருபதுக்கு மேற்பட்ட ஜீப்புகள் வளைத்து நின்றன. குட்டி தாயின் வயிற்றுக்கடியில் போய் நின்றுவிட்டது. எங்கள் ஜீப்பில் இருந்த ஒருவர், “இன்னும் கிட்டப் போ” என்று ஓட்டுநரின் தோளைத் தட்டிக்கொண்டே இருந்தார். அவர் நீங்களாக இருக்கக் கூடாது. தூரத்தில் நிறுத்தச் சொல்லி, ஒரே ஒரு யானையைக் கால் மணித்தியாலம் பாருங்கள். முன்காலின் நகத்தால் புல்லின் வேரை உதைத்துக் கிளப்பும். தும்பிக்கையால் ஒரு பிடியாகச் சுருட்டும். உடனே வாயில் போடாது. மண் போகத் தன் காலிலேயே பட்டுப் பட்டென்று அடித்து உதறும், ஒரு தடவை நிறுத்தி யோசித்து மறுபடி உதறும். குட்டிக்கு இது வராது. புல்லைப் பிடுங்கித் தலையில் போட்டுக்கொண்டு நிற்கும். உங்கள் மகன் சிரிப்பான்.

கொம்பன் இல்லை என்று அழுதவனிடம் சொல்லுங்கள்: கூட்டத்தில் பெரும்பாலும் தாய்களும் பிள்ளைகளும்தான். இலங்கையில் ஆண் யானைகளிலேயே பத்தில் ஒன்றுக்குக்கூடத் தந்தம் கிடையாது. தந்தமில்லாத ஆணை நாங்கள் அலியன் என்போம். பயப்பட வேண்டியது அவனுக்குத்தான்.

அலியன் ஒருவனை எனக்கு ஒன்பது வயதில் தெரியும். எழுபதுகளின் கடைசி, பெரியப்பாவின் வயற்பரண். கதிர் சாய்ந்திருந்த காலம். நடுச்சாமத்தில் சேற்றிலிருந்து காலை இழுத்தெடுக்கும் ஒரு சத்தம். இடைவெளி விட்டு இன்னொன்று. நான் வாய் திறக்க முன்னர் பெரியப்பா பொத்திவிட்டார். காட்டிலும் வயலிலும் அவர் யானை என்று சொல்லவே மாட்டார். “பெரியவர் வந்திருக்கிறார்” என்று என் காதுக்குள் சொன்னார். இருட்டில் நான் எதையுமே பார்க்கவில்லை. மூச்சுத்தான் கேட்டது. புழுங்கிய வைக்கோல் மணம் ஒன்று வந்து போனது.

விடிந்ததும் வரம்பில் தண்ணீர் விட வெட்டிய வக்கடையடியில் ஒரு சுவடு, தண்ணீர் நிரம்பி, உள்ளே ஒரு மீன்குஞ்சு. பெரியப்பா கயிறெடுத்து முன்காலடியைச் சுற்றி அளந்தார். அந்த அளவை இரண்டு மடங்காக்கிப் பரணின் காலோடு சேர்த்துப் பிடித்தார். முன்காலடிச் சுற்றளவில் இரண்டு மடங்குதான் யானையின் தோள் உயரம். கயிறு போய் நின்ற இடம் நாங்கள் படுத்திருந்த தட்டுக்கு ஒரு முழம் கீழே. பெரியப்பா ஒன்றும் பேசாமல் கயிற்றைச் சுருட்டி மடியில் வைத்தார். அன்று முழுவதும் நான் பரணில் ஏறவில்லை. சில ஆண்டுகளில் சண்டை வந்து நாங்கள் இடம்பெயர்ந்தோம். அவர் பிறகு வயலைப் பார்க்கவே இல்லை.

காலையிலேயே புறப்பட்டு விடுங்கள். திரும்பும்போது இருட்டிவிடும், ஹபரணை தாண்டி வீதியில் யானை நிற்கும், மெதுவாக வாருங்கள். 2025 பெப்ரவரியில் கல்லோயாப் பக்கம் ரயில் மோதி ஆறு யானைகள் செத்ததை மறக்க வேண்டாம். போகும் வழியில் தம்பலகாமத்தில் இறங்குங்கள். மச்சானுக்குச் சொல்லி வைக்கிறேன், உங்களை வயலுக்குக் கூட்டிப்போவார். வரம்போரம் சுவடு கிடந்தால் பிள்ளைகள் அளந்து பார்க்கட்டும். சரணாலயத்துக்குள் ஜீப்பை விட்டு இறங்க விடமாட்டார்கள், ஆகவே இங்கேயே அளந்துகொள்ள வேண்டும். நைலோன் கயிறு வேண்டாம், இழுபடும். சணல் கயிறு கொண்டுபோங்கள்.

அன்புடன்,
அக்கா