நிறம் மாறும் தட்டு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அண்மையில் இஸ்தான்புல் போய் டோப்காபி அரண்மனையைப் பார்த்தோம். சமையற்கூடத்தில் அடுக்கடுக்காகச் சீனப் பீங்கான்கள். விஷம் கலந்த உணவை வைத்தால் பச்சைத் தட்டின் நிறம் மாறிவிடும், அதற்காகத்தான் சுல்தான்கள் வாங்கிச் சேர்த்தார்கள் என்றார் வழிகாட்டி. உண்மையா? இத்தனை அரிய பொருட்களை அடுக்களையில் வைத்திருப்பது ஏன்?

வாசகி, கோவை

அன்புள்ள வாசகிக்கு,

நிறம் மாறாது. செலடன் எனப்படும் அந்தப் பீங்கானின் மேற்பூச்சில் கொஞ்சம் இரும்பு உண்டு. காற்றைக் குறைத்து மூட்டிய சூளையில் 1,200 டிகிரி அளவு வெப்பத்தில் வெந்து அது பச்சையாகிறது. கண்ணாடிபோல இறுகிவிட்ட அந்தப் பூச்சை உணவில் கலக்கும் எந்த விஷமும் மாற்றாது. அப்படியொரு நம்பிக்கை இருந்தது உண்மைதான். ஆனால் அங்குள்ள சீனப் பீங்கான்கள் 10,000க்கும் மேல். செலடன் அதில் ஏறக்குறைய 1,350தான். மிச்சத்தில் பெரும்பகுதி நீலவெள்ளை, அதாவது வெண்பரப்பில் நீலச் சித்திரம் தீட்டிய பீங்கான். விஷக் கதை அதற்கு என்ன விளக்கம் தரும்?

அடுக்களைதான் அவற்றுக்குச் சரியான இடம் என்பேன். அவை அழகுக்காக மட்டும் சேர்த்தவை அல்ல, விருந்தில் பரிமாறியவை. அந்தப் பெரிய தட்டுகளின் அகலத்தைக் கவனித்தீர்களா? ஒரே தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்து, நடுவில் வைத்த பாத்திரத்திலிருந்து பலர் எடுத்து உண்ணும் வழக்கத்துக்கு ஏற்ற அளவு அது. மேற்காசியச் சந்தைக்கென்றே செலடன் வனைந்த சீனாவின் லாங்சுவான் சூளைகள் அந்த அளவில் செய்து அனுப்பின. அரண்மனையில் தினமும் சாப்பிட்ட ஆயிரக்கணக்கானோர் எல்லோருக்கும் பீங்கான் கிடைத்துவிடவில்லை. அன்றாடப் புழக்கத்துக்கு ஈயம் பூசிய செம்புதான்.

எல்லாம் விலைக்கு வாங்கியவையும் அல்ல. 1514இல் ஒட்டோமான் சுல்தான் முதலாம் செலிம் பாரசீக நகரான தப்ரீஸைப் பிடித்தபோது கொள்ளைப் பொருளாகச் சில வந்தன. பரிசாகச் சில. இறந்துபோன, பதவி பறிக்கப்பட்ட அதிகாரிகளின் சொத்து கருவூலத்துக்குப் போகும் என்ற வழக்கத்தால் வந்தவை ஏராளம். ஒரு வசீரின், அதாவது அமைச்சரின், வீழ்ச்சியும் அந்த அலமாரியில்தான் இருக்கிறது. எனக்கு விஷக் கதையைவிட இதுவே பெரிய கதையாகப் படுகிறது.

நீங்கள் பார்த்த கூடம், 1574 தீவிபத்துக்குப் பிறகு ஒட்டோமான் கட்டடக் கலைஞர் மிமார் சினான் எடுத்துக் கட்டியது. நம் கரையிலும் இதே சரக்கு இறங்கியது. ராமநாதபுரம் பெரியபட்டினத்தில் தோண்டியபோது லாங்சுவான் செலடனும், சீனாவின் இன்னொரு பீங்கான் நகரான ஜிங்தெஜென்னின் நீலவெள்ளையும் சில்லுகளாகக் கிடைத்தன. டோப்காபியில் அவை முழுசாக நிற்பதற்குக் காரணம் கருவூலப் பதிவேடுகளும், உடைந்த கெண்டிகளுக்கு வெள்ளி மூக்கும் மூடியும் பொருத்திக் கொடுத்த அரண்மனைக் கொல்லர்களும்.