ஓய்வு பெற்ற பிறகும் ஓயாத ரேடியோ

கேள்வி: கப்பலில் ரேடியோ ஆபரேட்டராகவே காலம் தள்ளினீர்கள். ஓய்வுக்குப் பிறகும் ஹாம் ரேடியோ (உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காகப் பேசும் வானொலி) முன்னால் உட்கார அலுக்கவில்லையா?

பதில்: எங்கள் வேலையே பெரும்பாலும் கேட்பதுதான். அப்போது 500 கிலோஹெர்ட்ஸ்தான் மோர்ஸில், அதாவது புள்ளியும் கோடுமாகத் தட்டி அனுப்பும் குறியீட்டில், அபாய அழைப்புக்கான அலைவரிசை. ரேடியோ அறைக் கடிகாரத்தில் 15 முதல் 18, 45 முதல் 48 நிமிடம் வரை சிவப்புப் பட்டை இருக்கும். முள் அங்கே வந்ததும் அந்த அலைவரிசையில் யாரும் மோர்ஸ் கீயைத் தொடக் கூடாது. மெலிதாக ஒரு எஸ்ஓஎஸ் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு இருக்க வேண்டும். 1999 பிப்ரவரியில் ஜிஎம்டிஎஸ்எஸ், அதாவது செயற்கைக்கோளும் தானியங்கிக் கருவிகளும் கொண்டு கப்பல்கள் அபாயத்தை அறிவிக்கும் உலக முறை, முழுதாக வந்தது. அப்புறம் எங்கள் நாற்காலிக்கு என்ன வேலை!

வீட்டில் கதையே வேறு. பயணிகளின் தந்திக்குச் சொல்லுக்கு இவ்வளவு என்று கணக்கு எழுதியவன் நான். ஹாமில் காசு வாங்கினால்தான் குற்றம். இருட்டியதும் 40 மீட்டர் அலைநீளப் பட்டைக்கு இறங்குவேன். வானத்தில் உயரே மின்னூட்டம் பெற்ற காற்றுதான் அயனி மண்டலம்; பகலில் அந்த அலைகளை விழுங்கும் அதன் கீழடுக்கு அப்போது கரைந்துவிடும். மேலடுக்கில் பட்டுத் திரும்பும் சிக்னல், 5 வாட்டிலேயே கண்டம் தாண்டிவிடும். எல்லா ராத்திரியும் இல்லை, சூரியன் மனசு வைக்க வேண்டும்.

கேள்வி: ஹாம் உரிமத்துக்கு மோர்ஸ் கட்டாயமா?

பதில்: 2003-இல் சர்வதேச விதியிலிருந்தே எடுத்துவிட்டார்கள், உங்கள் நாட்டு உரிமத் தேர்வு விதியைப் பாருங்கள். ஆசை இருந்தால் படியுங்கள். ஆனால் புள்ளி, கோடு என்று காகிதத்தில் எழுதி வேண்டாம், காதால் மட்டும்.