டிராயிங் மாஸ்டர் பதில்கள்

கேள்வி: சினிமா பார்த்து அழுகிறோம், பாட்டுக் கேட்டு உருகுகிறோம். அசையாமல் சுவரில் தொங்கும் ஓவியம் அப்படி மனசைப் பிடித்து உலுக்குமா? இல்லை, விமர்சகர்கள் சும்மா எழுதுகிறார்களா?
– ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: சும்மா எழுதுகிறவர்களும் உண்டு, சகோதரி. ஆனால் 1913 ஜனவரியில் மாஸ்கோவின் திரெத்யாகோவ் கலைக்கூடத்துக்குக் கத்தியோடு வந்த அப்ராம் பலாஷோவ் விமர்சகர் இல்லை. சாமிப் படம் வரைகிற ஆள். ‘போதும் ரத்தம்!’ என்று கத்தியபடி ஓர் ஓவியத்தை மூன்று கீறலாகக் கிழித்தார், அதுவும் முகங்களில். அந்தக் கூடத்தின் காப்பாளர் ஹ்ருஸ்லோவ் அதைத் தாங்க முடியாமல் ரயிலில் விழுந்து உயிரை விட்டார்.

ரஷ்ய ஓவியர் இல்யா ரேபின் 1885-ல் முடித்த ஓவியம் அது. ரஷ்ய மன்னர், அதாவது ஜார், நான்காம் இவான் 1581-ல் ஆத்திரத்தில் சொந்த மகனையே கோலால் அடித்துவிட்டார், மகன் செத்தான். அடித்த மறுநொடிதான் இந்தப் படம். (நிஜமாகவே அப்படித்தான் செத்தானா என்று வரலாற்றுக்காரர்களுக்குள் இன்னும் தகராறு. என்னைப் போன்றவனுக்கு அது முக்கியமில்லை.) ஓவியம் வந்த வருஷமே அப்போதைய ஜார் மூன்றாம் அலெக்சாந்தர் இதை மக்களுக்குக் காட்டக் கூடாது என்று தடை போட்டார், சில மாதத்தில் தடை விலகியது.

நான் மாஸ்கோ போனதில்லை. சோவியத் புத்தகங்கள் மலிவாகக் கிடைத்த நாளில் வாங்கிய படத்தொகுப்பில்தான் பார்த்தேன். அதை ஒருமுறை எட்டாம் வகுப்புக்குக் கொண்டுபோய், கதை எதுவும் சொல்லாமல் விரித்துக் காட்டினேன். ‘ஐயோ, ரத்தம்!’ என்றார்கள். கடைசி பெஞ்சுப் பையன் மட்டும் கிட்டே வந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, ‘சார், காயத்தைக் கையால அடைச்சுப் பாக்குறாரு சார்’ என்றான். அதற்கப்புறம் பேசவில்லை. மதியச் சோற்றுக்கு மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை.

அந்தக் கைதான் விஷயம். அடித்தாயிற்று, கோல் கம்பளத்தில் கிடக்கிறது, நாற்காலி கவிழ்ந்திருக்கிறது. மகனை வாரி அணைத்து நெற்றிப்பொட்டில் வழிவதைப் பொத்துகிறார் தகப்பன். விரலிடுக்கில் வழிகிறது. கண்கள் பிதுங்கி நிற்கின்றன, எதையும் பார்க்கவில்லை. சினிமாவாக இருந்தால் மருத்துவர் வருவார், அல்லது பிணம் போகும். நாமும் மூக்கைச் சிந்திவிட்டு வெளியே வருவோம். ஓவியத்தில் அடுத்த காட்சி கிடையாதே. நூற்று நாற்பது வருஷமாக அந்த மனுஷன் பொத்திக்கொண்டே இருக்கிறார்.

2018-லும் ஒருவர் உலோகக் கம்பத்தால் இதன் கண்ணாடியை உடைத்துத் துணியைக் கிழித்தார்.

கேள்வி: வரவேற்பறையில் மாட்ட நல்ல ஓவியம் சொல்லுங்களேன்?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: மேலே சொன்னதை மட்டும் வேண்டாம். தொகுப்பிலிருந்து அந்தப் பக்கத்தைப் பிரித்துச் சட்டம் போட்டு மாட்டினேன். மூன்றாம் நாள் பரணில் இருந்தது. ‘சோறு இறங்கலீங்க’ என்றாள் என் வீட்டுக்காரி.