ஸ்காலர்ஷிப்பில் வரி பிடித்தால் அது சம்பளமா? அமெரிக்காவில் கல்லூரி மாற நினைக்கும் வீராங்கனையின் அப்பாவுக்கு

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். டிவிஷன் 1 (கல்லூரி விளையாட்டின் மேல்மட்டப் பிரிவு) டென்னிஸ் அணி. படிப்பு, தங்கும் இடம், சாப்பாடு எல்லாமே ஸ்காலர்ஷிப்பில்தான். அவளைச் சேர்த்துக்கொண்ட தலைமைப் பயிற்சியாளர் போன வாரம் வேறு வேலைக்குப் போய்விட்டார். இன்னொரு பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் ஒரு சீனியர் பெண் மூலமாக ‘இங்கே வருகிறாயா?’ என்று கேட்டிருக்கிறார். இதற்கிடையில் அவளுடைய கல்லூரிக் கணக்கில் 980 டாலர் பாக்கி என்று வந்தது. விசாரித்தால், ஸ்காலர்ஷிப்புக்கு வரியாம். வரி பிடித்தால் அது சம்பளம்தானே, மாணவர் விசாவில் வேலை பார்த்ததாக ஆகிவிடாதா, கல்லூரி மாறும்போது மாட்டிக்கொள்ள மாட்டாளா என்று என் மைத்துனர் பயமுறுத்துகிறார். மாறலாமா, வேண்டாமா?
– கோவை வாசகர்

முதலில் மைத்துனர் கிளப்பிய பயத்தைத் தீர்த்துவிடுவோம். உங்கள் மகள் வாங்குவது சம்பளம் இல்லை. அதில் ஒரு பகுதி வரிக்கு உட்பட்ட வருமானம், அவ்வளவுதான். விசா விஷயத்தில் அவள் எந்தத் தப்பும் செய்யவில்லை.

அந்த 980 டாலர் எப்படி வந்தது? அமெரிக்க வருமான வரிச் சட்டத்தின் 117ஆம் பிரிவு ஸ்காலர்ஷிப்பை இரண்டாகப் பிரிக்கிறது. கல்விக் கட்டணம், கட்டாயக் கட்டணங்கள், பாடத்துக்குத் தேவையான புத்தகம், கருவிகள் ஆகியவற்றுக்குப் போகும் தொகைக்கு வரி கிடையாது. விடுதி, சாப்பாடு, பயணம், கைச்செலவு ஆகியவற்றுக்குப் போகும் தொகைக்கு வரி உண்டு. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் என்றால் அந்தத் தொகையில் 14 சதவீதத்தைப் பல்கலைக்கழகமே பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். ஒரு செமஸ்டருக்கு விடுதியும் சாப்பாடும் 7,000 டாலர் என்றால், 14 சதவீதம் சரியாக 980. உங்கள் மகளுக்கு இந்த 7,000 ரொக்கமாகக் கைக்கு வருவதில்லை. அறையாகவும் மெஸ் சாப்பாடாகவும் வருகிறது. பிடிக்கக் கையில் பணம் இல்லாததால்தான் அது மாணவர் கணக்கில் பாக்கியாக ஏறி நிற்கிறது. விளையாட்டு மாணவர் என்பதற்கான தனி வரி இல்லை இது. முழு ஸ்காலர்ஷிப்பில் பௌதிகம் படிக்கும் வெளிநாட்டுப் பையனுக்கும் இதே கணக்குதான்.

நிச்சயப்படுத்திக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. வருஷம் முடிந்ததும் மார்ச் மாதத்துக்குள் 1042-எஸ் என்ற படிவம் அவளுக்கு வரும். அதன் முதல் கட்டத்தில் வருமானக் குறியீடு 16 என்று இருக்கும். 16 என்றால் ஸ்காலர்ஷிப். சம்பளத்துக்குத் தரும் படிவம் வேறு, அதன் பெயர் டபிள்யூ-2. அவள் கேம்பஸ் நூலகத்திலோ கேன்டீனிலோ மணிக்கணக்கில் வேலை பார்த்திருந்தால் அதற்குத்தான் டபிள்யூ-2 வரும்.

இந்தியர்களுக்கு இதில் ஒரு நல்ல சலுகை உண்டு, பலருக்குத் தெரியாது. இந்திய–அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21ஆம் பிரிவின்படி, இந்தியாவிலிருந்து போன மாணவர் அமெரிக்கர்களைப் போலவே நிலையான கழிவை (வருமானத்தில் வரி இல்லாமல் கழித்துக்கொள்ளும் தொகை) எடுத்துக்கொள்ளலாம். மற்ற பெரும்பாலான நாட்டு மாணவர்களுக்கு இது கிடையாது. 2025ஆம் வரி ஆண்டுக்குத் தனிநபருக்கான கழிவு 15,750 டாலர். உங்கள் மகளின் விடுதி, சாப்பாட்டுத் தொகை வருஷத்துக்கு 14,000. வேறு வருமானம் இல்லையென்றால் மத்திய அரசுக்கு அவள் கட்ட வேண்டிய வரி பூஜ்யம். அதாவது, பிடித்த 1,960 டாலரும் அவளுக்குத் திரும்ப வர வேண்டிய பணம். அதற்கு 1040-என்ஆர் படிவமும் 8843 படிவமும் தாக்கல் செய்ய வேண்டும். சம்பளம் ஏதும் இல்லாதவர்களுக்குக் கடைசி நாள் ஜூன் 15. வேலை பார்க்காத எஃப்-1 மாணவருக்கு சோஷியல் செக்யூரிட்டி எண் கிடைக்காது. அதற்குப் பதிலாக ஐ.டி.ஐ.என். என்ற வரி எண்ணை டபிள்யூ-7 படிவத்தில் கேட்டு வாங்க வேண்டும். மாநில வரி தனி. மாநிலத்துக்கு மாநிலம் மாறும். போன வருஷம் பிடித்ததைக் கேட்காமல் விட்டிருந்தால் அதையும் சேர்த்துக் கேளுங்கள், தள்ளிப்போடாதீர்கள். பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகம் பெரும்பாலும் இதற்கான மென்பொருளை இலவசமாகவே தருகிறது.

அப்படியானால் விளையாடுவதற்காகக் கொடுக்கும் பணம் எப்படிச் சம்பளம் ஆகாமல் போகிறது? உங்கள் மைத்துனரின் கேள்வி அசட்டுக் கேள்வி இல்லை. அமெரிக்க நீதிமன்றங்களே பல வருஷமாக இதில்தான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கின்றன. செய்த வேலைக்குக் கூலியாகத் தரும் ஸ்காலர்ஷிப்புக்கு முழுக்க வரி உண்டு என்றுதான் சட்டம் சொல்கிறது. ஆனால் காயம்பட்டு ஆட முடியாமல் போனாலும் அந்த வருஷ உதவி நிற்காது, அதனால் இது கூலி ஆகாது என்று வரித்துறை 1977இல் ஒரு விளக்கம் கொடுத்தது. விளையாட்டு ஸ்காலர்ஷிப்பை இன்றுவரை காப்பாற்றி வருவது அந்த விளக்கம்தான்.

தொழிலாளர் சட்டத்தின் கதை வேறு. 2014இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து (ஃபுட்பால்) வீரர்கள் தொழிற்சங்கம் வைக்கக் கேட்டபோது, ஸ்காலர்ஷிப் வாங்குபவர்கள் ஊழியர்களே என்று தொழிலாளர் உறவு வாரியத்தின் பிராந்திய இயக்குநர் சொன்னார். அடுத்த வருஷமே வாரியம் ‘இதில் நாங்கள் தலையிட மாட்டோம்’ என்று ஒதுங்கிக்கொண்டது. 2024இல் டார்ட்மத் கல்லூரிக் கூடைப்பந்து அணி 13–2 என்று சங்கத்துக்கு வாக்களித்தது. வேடிக்கை என்னவென்றால் டார்ட்மத்தில் விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே கிடையாது. அந்த மனுவும் அந்த வருஷக் கடைசியில் திரும்பப் பெறப்பட்டது. அதே 2024 ஜூலையில் மூன்றாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், கல்லூரி வீரர்கள் சில சூழ்நிலைகளில் ஊழியர்களாக இருக்கலாம் என்று கதவைப் பாதி திறந்து வைத்தது. எனக்குத் தோன்றுவது, பெரிய கால்பந்து அணிகளில் இந்தக் கதவு ஒருநாள் முழுதாகத் திறக்கும். ஆனால் டென்னிஸ் ஆடும் உங்கள் மகளின் விசா இன்று அந்த வழக்குகளில் தொங்கிக்கொண்டிருக்கவில்லை. மாணவர் விசாவுக்காகக் கல்லூரி தரும் ஐ-20 படிவத்தில் நிதி ஆதாரம் என்ற இடத்தைப் பாருங்கள். ஸ்காலர்ஷிப் தொகையை அரசு அறியவே அங்கே அச்சிட்டிருப்பார்கள்.

சரி, இப்போது மாறும் விஷயம். எனக்கு உண்மையில் கவலை தருவது வரி இல்லை, ‘ஒரு சீனியர் பெண் மூலமாகக் கேட்டிருக்கிறார்’ என்ற அந்த ஒரு வரிதான்.

கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விதிப்படி, டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் (கல்லூரி மாற விரும்பும் வீரர்களின் இணையப் பட்டியல்) பெயர் ஏறாத மாணவியை வேறு கல்லூரிப் பயிற்சியாளர் நேராகவும் அணுகக் கூடாது, ஆள் வைத்தும் அணுகக் கூடாது. தண்டனை பெரும்பாலும் பயிற்சியாளருக்குத்தான், ஆனால் விசாரணை என்று வந்தால் உங்கள் மகளின் போனில் இருக்கும் செய்திகளும் பார்வைக்குப் போகும். அந்தப் பேச்சை இப்போதே நிறுத்தச் சொல்லுங்கள். அதோடு, ‘வா’ என்று வாய்வார்த்தையாகச் சொன்னதற்குச் சல்லிக்காசு மதிப்பில்லை. அதை நம்பி இருக்கும் இடத்தை விடக் கூடாது.

2018 வரை, வேறு கல்லூரியோடு பேசவே பழைய கல்லூரியின் அனுமதி வேண்டியிருந்தது. அந்த வருஷ அக்டோபரில் போர்ட்டல் வந்த பிறகு அனுமதி தேவையில்லை, எழுத்தில் தெரிவித்தால் போதும். இரண்டு வேலை நாளுக்குள் கல்லூரி அவள் பெயரைப் போர்ட்டலில் ஏற்ற வேண்டும். முதல் தடவை மாறும் எவரும் ஒரு வருஷம் ஆடாமல் உட்கார வேண்டியதில்லை என்று 2021இல் எல்லா விளையாட்டுக்கும் தளர்த்தினார்கள். மறுபடி மாறுபவர்கள் உட்கார வேண்டும் என்ற விதியை எதிர்த்து ஒஹாயோ உள்ளிட்ட மாநிலங்கள் வழக்குப் போட, 2023 டிசம்பரில் மேற்கு வர்ஜீனியாவில் உள்ள மத்திய நீதிமன்றம் அந்த விதிக்கு இடைக்காலத் தடை விதித்தது. 2024 ஏப்ரலில் எத்தனை தடவை மாறினாலும் உடனே ஆடலாம் என்று ஆனது. படிப்பில் தகுதி இருந்தால் போதும்.

மாறுவது இவ்வளவு சுலபமாகிவிட்டதால் வந்த ஆபத்தும் ஒன்று உண்டு. அவள் எழுதிக் கொடுத்த நிமிஷத்திலிருந்து, அந்த செமஸ்டர் முடிவில் அவளுடைய ஸ்காலர்ஷிப்பை நிறுத்தப் பழைய கல்லூரிக்கு உரிமை வந்துவிடுகிறது. ‘சும்மா பெயர் போட்டுப் பார்க்கிறேன், இடம் கிடைக்காவிட்டால் இங்கேயே இருந்துவிடுகிறேன்’ என்பது நடக்காத காரியம். திரும்ப ஏற்றுக்கொள்ளும் கல்லூரிகள் உண்டு, ஆனால் கட்டாயம் இல்லை. போர்ட்டலில் பெயர் போட்டுவிட்டு எந்த அணியும் கிடைக்காமல் நிற்பவர்கள் ஒவ்வொரு வருஷமும் இருக்கிறார்கள். புதிய தலைமைப் பயிற்சியாளர் யார் என்று தெரிந்து, அவரோடு ஒருமுறை உட்கார்ந்து பேசிவிட்டு முடிவெடுப்பது நல்லது. பயிற்சியாளர் மாறினால் தனி அவகாசம் உண்டு. அதில் எத்தனை நாள் மீதி இருக்கிறது என்பதை, விளையாட்டு விதிகளைக் கவனிக்கும் கல்லூரியின் கம்ப்ளையன்ஸ் அலுவலகத்தில் இன்றே கேட்கச் சொல்லுங்கள். கேட்பதாலேயே பெயர் ஏறிவிடாது.

பெயர் போடுவதற்கு முன்பே பார்க்கக்கூடிய ஒன்று கிரெடிட், அதாவது முடித்த பாடங்களுக்குக் கிடைக்கும் மதிப்பலகு. மூன்றாம் ஆண்டில் ஆட வேண்டுமானால் பட்டப்படிப்பில் 40 சதவீதம் முடித்திருக்க வேண்டும் என்பது டிவிஷன் 1இல் நெடுங்காலமாக இருக்கும் அளவு. அடுத்து 60, அப்புறம் 80. 120 கிரெடிட் பட்டத்தில் 40 சதவீதம் என்றால் 48. இங்கே 60 கிரெடிட் முடித்திருந்தாலும், புதிய இடத்தில் அவளுடைய பாடப்பிரிவுக்கு 42தான் பொருந்தும் என்றால் கணக்கு இடிக்கும். பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் எந்தப் பாடத்துக்கு எந்தப் பாடம் ஈடு என்ற அட்டவணையை இணையத்திலேயே போட்டிருக்கின்றன. பயிற்சியாளரிடம் ஒரு வார்த்தை பேசாமல் அதை அவளே பார்த்துவிடலாம். சேர்வதற்கு முன், எத்தனை கிரெடிட் ஏற்கிறார்கள், அவள் உடனே ஆடத் தகுதி உண்டா என்ற இரண்டையும் புதிய இடத்தில் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

பணத்தையும் எழுத்தில் வாங்குங்கள். 2025 ஜூன் 6 அன்று, கல்லூரி வீரர்களுக்குப் பணம் தருவது பற்றிய ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் கொடுத்த பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு ஸ்காலர்ஷிப் எண்ணிக்கை வரம்பு போய், அணியில் எத்தனை பேர் என்ற வரம்பு வந்துவிட்டது. முன்பு பெண்கள் டென்னிஸில் 8 முழு ஸ்காலர்ஷிப், கொடுத்தால் முழுசு. இப்போது பத்துப் பேருக்குப் பங்கு போட்டும் கொடுக்கலாம். ‘ஸ்காலர்ஷிப் உண்டு’ என்று சொன்னால் எத்தனை சதவீதம், எத்தனை வருஷத்துக்கு என்று கேளுங்கள். 60 சதவீதம் என்றால் மீதி 40க்கு உங்கள் வங்கிக் கணக்கைக் காட்டினால்தான் புதிய ஐ-20 வரும்.

விசா வேலை சின்னதுதான், ஆனால் வரிசை மாறக் கூடாது. புதிய கல்லூரியின் சேர்க்கைக் கடிதம் கையில் வந்த பிறகே, செவிஸ் பதிவை (வெளிநாட்டு மாணவர்கள் பற்றி அமெரிக்க அரசு வைத்திருக்கும் கணினிப் பதிவு) மாற்றித் தரச் சொல்லிப் பழைய கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்க வேண்டும். மாற்றும் தேதியைத் தேர்வுகள் முடிந்த பிறகு வையுங்கள். அந்தத் தேதி கடந்தால் பழைய கல்லூரியால் எதையும் திருத்த முடியாது. பழைய கல்லூரியை விடுவதற்கும் புதிய இடத்தில் வகுப்பு தொடங்குவதற்கும் நடுவே இடைவெளி ஐந்து மாதத்தைத் தாண்டக் கூடாது. கோடை விடுமுறைக்குக் கோவை வந்து போனால், திரும்பும்போது புதிய கல்லூரியின் ஐ-20தான் கையில் இருக்க வேண்டும். விசா முத்திரையில் பழைய கல்லூரியின் பெயர் இருப்பது பரவாயில்லை, காலாவதி ஆகாமல் இருந்தால் செல்லும்.

ஒன்றே ஒன்று பாக்கி. அதே சமரசத்தின்படி, கல்லூரிகள் 2025 ஜூலை முதல் வீரர்களுக்கு நேரடியாகவே வருமானத்தில் பங்கு தரலாம்; முதல் வருஷ உச்சவரம்பு ஒரு கல்லூரிக்குச் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். பெரும்பகுதி கால்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் போகும். ஆனாலும் புதிய கல்லூரியோ ஏதாவது டென்னிஸ் மட்டைக் கம்பெனியோ ‘கையெழுத்துப் போடு, மாசம் இவ்வளவு’ என்று ஒரு ஒப்பந்தத்தை நீட்டினால், உங்கள் மைத்துனரின் பயம் அங்கேதான் பொருந்தும். எஃப்-1 விதிகளில் கேம்பஸ் வேலைக்கு வாரம் 20 மணி நேரம் என்று இடம் உண்டு. இந்த மாதிரிப் பணத்துக்கென்று ஒரு பிரிவும் கிடையாது. அவள் எதிலும் கையெழுத்துப் போடும் முன், கல்லூரியின் ஆள் சொல்வதை மட்டும் நம்பாமல், குடியேற்றச் சட்டம் பார்க்கும் வழக்கறிஞர் ஒருவருக்குக் காசு கொடுத்து அந்தக் காகிதத்தைப் படிக்கச் சொல்லுங்கள்.