நெப்போலியன் லூசியானாவை அமெரிக்காவுக்கு ஏன் விற்றார்?

இங்கே லூசியானா என்பது இன்றைய மாநிலம் மட்டுமல்ல, மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே பரந்து கிடந்த பிரெஞ்சு நிலப்பரப்பு. சுருக்கமாகச் சொன்னால், கரீபியன் கடலில் பிரான்சின் வசமிருந்த ஹைட்டி கைவிட்டுப் போனதால். அந்தத் தீவின் கரும்புத் தோட்டங்கள்தான் பிரான்சுக்குப் பணம் காய்க்கும் மரம். லூசியானா அதற்குச் சோறு போடும் வயலாக இருக்கும் என்பது நெப்போலியனின் கணக்கு. அடிமைகளாக இருந்தவர்களின் எழுச்சியும் மஞ்சள் காய்ச்சலும் சேர்ந்து அவர் அனுப்பிய படையைச் சிதைத்தன. படைத்தலைவர் லெக்லேர், நெப்போலியனின் தங்கை கணவர், 1802-இல் அந்தக் காய்ச்சலிலேயே போய்ச் சேர்ந்தார். மரமே போனபின் வயல் எதற்கு? பிரிட்டனுடன் அடுத்த போருக்குக் காசும் வேண்டியிருந்தது.

அமெரிக்கா முக்கியமாகக் கேட்டது நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்தைத்தான். 1803 ஏப்ரலில், மொத்தத்தையும் எடுத்துக்கொண்டால் என்ன தருவீர்கள் என்று பிரெஞ்சு அமைச்சர் தாலிராண்ட் கேட்டதும் அமெரிக்கத் தூதர் லிவிங்ஸ்டன் திகைத்துப்போனார். கடைசியில் படிந்த விலை 1.5 கோடி டாலர். நிலம் சுமார் 21 லட்சம் சதுர கிலோமீட்டர். ஏக்கருக்கு மூன்று சென்ட்கூட ஆகவில்லை! இதற்குப் பணம் புரட்டித் தந்தவர்களில் லண்டனின் பேரிங் வங்கியும் உண்டு என்பதுதான் வேடிக்கை.

சரி, உண்மையில் விற்றது என்ன? நிலத்தை அல்ல, அதன்மேல் பிரான்ஸ் கொண்டாடிய உரிமையைத்தான். அங்கே வாழ்ந்த ஒசேஜ், சூ போன்ற பூர்வகுடி மக்களை யாரும் கேட்கவில்லை. அவர்கள் நிலம் பிறகுதான் ஒப்பந்தங்களாலும் போர்களாலும் துண்டுதுண்டாகப் பறிக்கப்பட்டது.