சட்டம் சமூகத்தை மாற்றுகிறதா, மாறிவிட்ட சமூகத்தைச் சட்டம் பின்தொடர்கிறதா?

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது கேள்வி. மகள்களின் சொத்துரிமை பற்றிய சட்டங்களை எங்கள் குடும்பத்துக்குள்ளேயே பார்த்தவன் என்ற முறையில், என் அம்மாவின் தந்தை விட்டுச் சென்ற நான்கு ஏக்கர் பூர்வீக நிலத்தை வைத்து இதற்குப் பதில் சொல்ல விரும்புகிறேன்.

பெண்களுக்கும் ஆண்களைப் போலவே சொத்துரிமை வேண்டும் என்று 1929ஆம் ஆண்டு பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு தீர்மானம் நிறைவேற்றியது. அந்த எண்ணம் இம்மாநிலத்தில் சட்டமாக அறுபது ஆண்டுகள் ஆயின. இடையில் வந்த 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், உயில் எழுதாமல் இறந்த தந்தையின் சுயசம்பாத்தியத்தில் மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு கொடுத்தது. ஆனால் பூர்வீகச் சொத்தில் பிறப்பாலேயே பங்கு பெறும் உரிமையை ஆண்களிடமே விட்டுவைத்தது. 'பங்காளி' என்ற சொல்லுக்கு நம் பேச்சுவழக்கில் பெண்பால் கிடையாது என்பதை நினைத்துப் பார்த்தால், சட்டம் அங்கே ஏன் தயங்கி நின்றது என்பது விளங்கும். கலைஞர் கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம்தான், 1989 மார்ச் 25 முதல், மகளையும் மகனைப் போலவே பிறப்பால் பங்குடையவளாக ஆக்கியது. அதில் ஒரு விலக்கும் இருந்தது: அந்தத் தேதிக்கு முன்பே திருமணமாகிவிட்ட மகள்களுக்கு அது பொருந்தாது.

என் அம்மாவுக்குத் திருமணம் நடந்தது 1986இல், சித்திக்கு 1991இல். ஒரே வீட்டில் பிறந்து, ஒரே வயலில் களையெடுத்த இரண்டு பேரை ஒரு தேதி இரண்டாகப் பிரித்துவிட்டது. பாட்டி முன்பே காலமாகிவிட்டார்; தாத்தா 1998இல் இறந்தார். அன்றைய சட்டப்படி தாத்தா, இரண்டு மாமாக்கள், சித்தி ஆகிய நால்வருக்கும் ஆளுக்கு நூறு சென்ட். தாத்தாவின் நூறு சென்ட் மட்டும் நான்கு பிள்ளைகளுக்கும் சமமாகப் பிரியும். ஆகவே சித்திக்கும் மாமாக்களுக்கும் ஆளுக்கு 125 சென்ட், அம்மாவுக்கு 25 சென்ட். இந்தக் கணக்கு அன்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

மறு ஆண்டு, அம்மாவும் சித்தியும் தங்கள் பங்கை விட்டுக் கொடுத்து மாமாக்களுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள். ஏழாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த நானும் அம்மாவோடு சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். வெளியே வேப்பமரத்தடியில் பத்திர எழுத்தர் எழுதியதை வேகமாக வாசித்தார், உள்ளே சார்பதிவாளர், எழுதிக் கொடுப்பது நீங்கள்தானா, தொகை பெற்றுக்கொண்டீர்களா என்று கேட்டார், இருவரும் தலையசைத்தார்கள், கையெழுத்தும் கைரேகையும் பதிந்தன. தொகை என்பது ஆளுக்கு ஐயாயிரம் ரூபாய். அதோடு மாமாக்கள் ஆளுக்கொரு பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்தார்கள். 125 சென்டுக்கு உரியவரும் 25 சென்டுக்கு உரியவரும் ஒரே தொகையைப் பெற்றுக்கொண்டு ஒரே பேருந்தில் ஊர் திரும்பினார்கள்.

மாமாக்கள் இருவரும் நல்லவர்கள் என்பதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். என் காதணி விழாவில் பெரிய மாமாவின் மடியில்தான் உட்கார்ந்தேன். பொங்கல் சீர் ஓராண்டுகூடத் தவறியதில்லை. நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாயிற்று, இனிக் காலமெல்லாம் சீர் செய்வது உடன்பிறந்தவன் கடமை, அதற்குப் பதிலாக நிலம் ஆண்மக்களிடம் இருக்கட்டும் என்ற ஏற்பாட்டை அவர்களும் நம்பினார்கள், அம்மாவும் நம்பினார். பங்கு கேட்டால் தாய்வீட்டு வாசல் அடைபட்டுவிடும் என்ற அச்சம் அந்த நம்பிக்கைக்குள்ளேயே இருந்தது. கணவன் வீட்டில் ஒரு துன்பம் வந்தால் போய் நிற்பதற்கு அந்த ஒரு வாசல்தான் இருக்கிறது என்று கருதும் பெண், 25 சென்டுக்காகவோ 125 சென்டுக்காகவோ அதை இழக்கத் துணிய மாட்டாள்.

அப்படியானால் சட்டம் தோற்றுவிட்டதா என்றால், இல்லை என்பதே என் உறுதியான எண்ணம். தாத்தாவின் தங்கைகள் இருவரிடமும் அந்த நிலத்துக்காக எந்தக் காலத்திலும் யாரும் கையெழுத்துக் கேட்டதில்லை. கேட்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. அம்மாவின் தலைமுறையில், கிராம நிர்வாக அலுவலர் வீட்டுக்கு வந்து விசாரித்து, வட்டாட்சியர் அலுவலகம் கொடுத்த வாரிசுச் சான்றிதழில் நான்கு பெயர்களும் வரிசையாக இருந்தன. நிலம் சம்பந்தப்பட்ட ஓர் அரசுத் தாளில் எங்கள் குடும்பத்துப் பெண்களின் பெயர் ஏறியது அதுவே முதல்முறை. விட்டுக் கொடுப்பதற்காகத்தான் கேட்டார்கள் என்றாலும், கேட்டாக வேண்டிய ஆளாக அம்மாவை ஆக்கியது சட்டம்தான். அந்தக் கையெழுத்துக்கு ஒரு விலை உண்டு என்பது ஊருக்கு மெல்லத் தெரிந்தது. தெரிந்தவுடன் வேறொன்றும் நடந்தது: தங்கள் பெயரில் உள்ள சொத்தை உயிரோடு இருக்கும்போதே மகன்களுக்குச் செட்டில்மெண்ட் எழுதி வைக்கும் தந்தையர் எங்கள் பக்கத்தில் பெருகினார்கள். சட்டம் சமூகத்தை வடிவமைக்கிறது என்று சொல்லும்போது, அதைச் சுற்றிப் போகும் பாதைகளையும் அது உண்டாக்குகிறது என்பதைச் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

2005ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத் திருத்தம் செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்தபோது, திருமணத் தேதியை வைத்து மகள்களைப் பிரிக்கும் கோடு அழிந்தது. குடும்பம் குடியிருக்கும் வீட்டை ஆண் வாரிசுகள் பிரிக்க முன்வரும்வரை மகள் அதில் பாகம் கேட்க முடியாது என்றிருந்த, 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவும் அதோடு போனது. தந்தை அந்தத் தேதியில் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பம் மட்டும் நீடித்தது. மகளின் உரிமை பிறப்பால் வருவது, ஆகவே தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

அந்தச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு அம்மா என்னை அழைத்து, "அப்போ எனக்கும் பங்கு உண்டாப்பா?" என்று கேட்டார். பழைய பத்திரத்தின் நகலை எடுத்துப் பார்த்தேன். நிலம் பிரிக்கப்படாமல் இருந்திருந்தால் நால்வருக்கும் ஆளுக்கு நூறு சென்ட் வந்திருக்கும். ஆனால் 2004 டிசம்பர் 20க்கு முன்பே பதிவான பத்திரங்களைப் புதிய சட்டம் தொடுவதில்லை. இதை விளக்கியபோது அம்மா தன்னைப் பற்றி அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை, "அப்போ உங்க சித்திக்கு அப்பவே அண்ணன் அளவுக்கு இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். வெகு நேரம் பேசாமல் இருந்தார்.

என் மனத்தை இன்றும் உறுத்துவது அந்த அலுவலக மேசைதான். 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி, எழுதிக் கொடுத்தவர் இவர்தானா, எழுதிக் கொடுத்ததை ஒப்புக்கொள்கிறாரா என்பதைச் சரிபார்ப்பது பதிவு அலுவலரின் கடமை. விட்டுக் கொடுக்கும் பங்கு எவ்வளவு என்பது அவருக்குத் தெரியுமா என்று கேட்பது கடமை அன்று. அன்று அந்த அலுவலர் விதிப்படிதான் நடந்தார். சட்டமன்றம் கொடுத்த உரிமையை அரசின் இன்னொரு மேசையிலேயே, உரியவருக்குத் தெரியாமலேயே எழுதி வாங்கிவிட முடிகிறது என்றால், அந்த மேசையில் இன்னும் ஒரு கேள்வி சேர்க்கப்பட வேண்டும். உங்கள் பங்கு இத்தனை சென்ட், வழிகாட்டி மதிப்பின்படி அது இத்தனை ரூபாய், அறிந்துதான் விடுகிறீர்களா என்று பெண்ணிடம் தனியாகக் கேட்டுப் பதிவு செய்தால் போதும். தெரிந்தே விட்டுக் கொடுப்பவர்கள் அப்போதும் இருப்பார்கள். அது அவர்கள் விருப்பம்.

அப்பா 2021இல் இறந்தார். அவர் சம்பாதித்து வாங்கிய வீட்டுமனையில் அம்மாவுக்கும் தங்கைக்கும் எனக்கும் மூன்றில் ஒரு பங்கு. விடுதலைப் பத்திரம் தயாராக இருக்கிறது, தங்கை வந்து கையெழுத்துப் போட்டால் போதும் என்று உறவினர் ஒருவர் சொன்னபோது, அவளுடைய பங்கின் அளவையும் மதிப்பையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, முடிவெடுக்க எவ்வளவு நாள் வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்றேன். மூன்று வாரம் கழித்து, தன் பங்கு தன்னிடமே இருக்கட்டும் என்றாள். கூட்டுப் பட்டாவில் மூன்று பெயர்களும் ஏறின. பெரியப்பா வீட்டில் அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை. இந்தப் பொங்கலுக்கும் நான் தங்கைக்குச் சீர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.