மாஸ் என்றால் நிறையா, திணிவா? பிளஸ் ஒன் மாணவிக்கு ஒரு சொல் வழிகாட்டி

கேள்வி: கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை அருகே தமிழ் வழியில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த என் மகள் பிளஸ் ஒன் சயின்ஸ் சேர்ந்திருக்கிறாள். இயற்பியல் புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கிறது. வகுப்பில் விளக்குவது மலையாளத்தில். கடையில் வாங்கிய கலைச்சொல் கையேட்டில் மாஸ் என்பதற்குத் 'திணிவு', வெயிட் என்பதற்கு 'நிறை' என்று போட்டிருக்கிறது. பத்தாம் வகுப்பில் அவள் படித்தது வேறு. எதை மனப்பாடம் செய்வது? நீட் தேர்வுக்குத் தமிழ் போட்டால் சுலபம் என்கிறார் விண்ணப்பம் நிரப்பித் தருபவர். அது சரியா?

பதில்: முதலில் அந்தக் கையேட்டை மூடி வையுங்கள். அதில் இருப்பது இலங்கைப் பாடநூல் வழக்கு. அங்கே மாஸ் திணிவு, வெயிட் நிறை. தமிழ்நாட்டு வழக்கில் மாஸ்தான் நிறை, வெயிட் எடை. இரண்டும் அதனதன் இடத்தில் ஒழுங்கானவை. ஆனால் இணையத்தில் அகப்பட்டதை எல்லாம் அள்ளி அச்சடித்து விற்பவர்கள் இரண்டையும் ஒரே பக்கத்தில் கலந்துவிடுகிறார்கள். அதனால் 'நிறை' ஓரிடத்தில் கிலோகிராமாகவும் இன்னோரிடத்தில் நியூட்டனாகவும் மாறிவிடுகிறது. 5 கிலோகிராம் நிறையுள்ள பொருளின் எடை 5 × 9.8 = 49 நியூட்டன். இந்த 49-ஐ நிறை என்று எழுதிவிட்டால் அடுத்து வரும் முடுக்கக் கணக்கு முழுவதும் தவறிப்போகும்.

எந்தத் தமிழ்ச் சொல் வேண்டும் என்றால், அவள் பத்தாம் வகுப்பு வரை படித்த கேரளத் தமிழ்ப் பாடநூலில் உள்ள சொல்லே போதும். புதிதாக எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். அந்தப் பழைய புத்தகங்களைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டிருந்தாலும், கேரளக் கல்வித் துறையின் சமக்ரா இணையதளத்தில் தமிழ் வழி நூல்களே இருக்கின்றன. பணம் கொடுத்து யாரிடமும் பி.டி.எஃப். வாங்காதீர்கள்.

ஒரு நீளமான நோட்டை எடுத்துப் பக்கத்துக்கு ஐந்து பத்தி கோடு போடச் சொல்லுங்கள். முதல் பத்தியில் ஆங்கிலச் சொல், பிறகு அவளுடைய தமிழ்ச் சொல், மூன்றாவதில் வகுப்பில் காதில் விழும் மலையாளச் சொல் தமிழ் எழுத்தில், நான்காவதில் அலகு, கடைசியில் திசை உண்டா இல்லையா. உதாரணமாக மொமெண்டம், உந்தம், ஆக்கம், கிலோகிராம் மீட்டர்/விநாடி, திசை உண்டு. ஃபோர்ஸ், விசை, பலம், நியூட்டன், திசை உண்டு. மலையாளத்தில் முடுக்கத்துக்குத் 'த்வரணம்', ஆற்றலுக்கு 'ஊர்ஜம்', வேலைக்குப் 'பிரவிருத்தி', எடைக்கு 'பாரம்'. முதல் ஏழு பாடங்களுக்கு, அதாவது அலகுகள் தொடங்கி ஈர்ப்பு வரை, அறுபது சொற்கள் தாராளம். நாளுக்கு ஐந்து போதும்.

நான்காவது பத்திதான் உயிர். மொழி எதுவானாலும் அலகு மாறாது. பாரசீகத்தில் திறனை, அதாவது பவரை, 'தவான்' என்றும் பிரெஞ்சில் 'ப்யூசான்ஸ்' என்றும் சொல்கிறார்கள். இரண்டுக்கும் அலகு வாட். குறியீட்டை மட்டும் நம்ப முடியாது. டபிள்யூ என்ற ஒரே எழுத்து வேலைக்கும் எடைக்கும் வாட்டுக்கும் வரும். பிரெஞ்சு நூல்களில் எடைக்கும் திறனுக்கும் பி வரும்.

அலகு காட்டிக்கொடுக்காத இடம் ஒன்று உண்டு. பிள்ளைகள் அதிகம் வழுக்குவதும் அங்கேதான். ஸ்பீடு, வெலாசிட்டி இரண்டுக்குமே அலகு மீட்டர்/விநாடி. நம் பக்கத் தமிழில் வேகம், திசைவேகம். மலையாளத்தில் வேகம், பிரவேகம். இலங்கை வழக்கில் கதி, வேகம், அதாவது அங்கே 'வேகம்' என்றாலே வெலாசிட்டி. பிரெஞ்சில் இரண்டுக்கும் பொதுவாக 'வித்தெஸ்' என்ற ஒரே சொல். திசையும் சேர வேண்டுமென்றால் கூடவே 'வெக்தர்' என்று சேர்த்துச் சொல்வார்கள். பாரசீகப் பாடநூல்கள் 'தொந்தி', 'சொர்அத்' என்று பிரித்துவைத்தாலும், தெருப் பேச்சில் 'சொர்அத்' வெறும் ஸ்பீடுதான். ஆகவே இந்த ஒரு ஜோடிக்கு ஐந்தாவது பத்தியை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். சித்தூரிலிருந்து பாலக்காடு போய்ப் புறப்பட்ட இடத்துக்கே திரும்ப மொத்தம் 30 கி.மீ., 1 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி வேகம் மணிக்கு 30 கி.மீ. சராசரி திசைவேகம் சுழி, ஏனெனில் இடப்பெயர்ச்சி சுழி. வட்டப் பாதையில் சீரான வேகத்தில் ஓடும் பொருளுக்குத் திசைவேகம் நொடிக்கு நொடி மாறுகிறது, அதனால் முடுக்கம் உண்டு. இந்த இரண்டு உதாரணத்தையும் நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வைக்கட்டும்.

ஈர்ப்புப் பாடத்தில் வானியல் சொற்கள் வரும். வீட்டில் சொல்லும் கிரகம் ஒன்பதில் சூரியனும் சந்திரனும் உண்டு. ராகுவும் கேதுவும் சந்திரனின் பாதை சூரியப் பாதையை வெட்டும் புள்ளிகள், பொருள்களே அல்ல. வகுப்பில் ஆசிரியர் 'கிரஹம்' என்றால் எட்டுக் கோள்கள் மட்டும். ஒளியாண்டு தூரம்: ஏறத்தாழ 9.46 லட்சம் கோடி கி.மீ. பெரிய எண்களை எப்போதும் பத்தின் அடுக்கில் எழுதச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் பில்லியன் நூறு கோடி, பிரெஞ்சில் அதே சொல் லட்சம் கோடி. மொழிபெயர்ப்புச் செயலிகள் இங்கே ஏமாறும்.

பத்து வருடம் தமிழில் படித்த குழந்தையை ஒரே ஜூன் மாதத்தில் ஆங்கிலப் புத்தகத்துக்குள் தள்ளிவிட்டு, பத்துப் பக்கச் சொற்பட்டியல்கூடக் கையில் தராமல் விடுவது அநியாயம். எல்லை தாலுகாக்களில் தமிழ் வழிப் பள்ளிகள் இருப்பது அரசுக்குத் தெரியாத செய்தி அல்லவே! இந்த வெற்றிடத்தில்தான் கையேட்டு வியாபாரிகள் பிழைக்கிறார்கள்.

நீட் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். தமிழைத் தேர்ந்தால் வினாத்தாளில் ஆங்கிலமும் தமிழும் சேர்ந்தே இருக்கும். மொழிபெயர்ப்பில் குழப்பம் வந்தால் ஆங்கிலம்தான் இறுதி என்பது விதி. 2018-ல் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் பிழை என்று வழக்குப் போய், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 196 மதிப்பெண் தரச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டு வருடமும் ஆங்கில நூலில் படிக்கிறவளுக்கு ஆங்கிலத் தாளே பாதுகாப்பு. தமிழ்தான் வேண்டும் என்றால் கேரள மையங்களை நம்ப வேண்டாம். கோயம்புத்தூர் போலத் தமிழ்நாட்டு ஊரைத்தான் தேர்வு மையமாகப் போட வேண்டியிருக்கும். அந்த ஆண்டின் தகவல் கையேட்டில் மொழிக்கும் மாநிலத்துக்குமான பட்டியலைப் பாருங்கள்.

விண்ணப்பத்தை நிரப்பித் தருபவரிடம் ஒப்படைத்துவிட்டு வெளியே உட்காராதீர்கள். 'மீடியம்' கட்டத்தில் தனக்குத் தோன்றியதைத் தட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுகிறவர்கள் உண்டு. அந்தக் கட்டத்தைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நம்பியிருக்க வேண்டாம். கட்டணம் கட்டும் முன் திரையில் மொழி, தேர்வு ஊர் இரண்டையும் மகளே வாசித்துச் சரிபார்க்கட்டும். கடவுச்சொல்லும் ஓ.டி.பி. வரும் அலைபேசி எண்ணும் உங்களுடையதாகவே இருக்கட்டும்.